பி.யூ.சி.யும் ஒரு பாட்டில் தண்ணீரும்

நம் கல்லூரியில் நான் பி.யூ.சி. படித்தபோது, ரெக்கார்டு நோட்டில் விடையை எழுதிவிட்டுத்தான் சோதனையே செய்வோம்! 1978-ல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குப் போனது, பி.யூ.சி. மறைந்தது, அந்தப் பழக்கம் மறையவில்லை.

1993-ல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினையைத் தாமே ஆராய வழி பிறந்தது. அப்போது நான் நாமக்கல் பக்கம் ஆசிரியர். பிளஸ் டூ மாணவி ஒருத்தி, ஜவ்வரிசி ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, "சார், இது ஏன் நாறுது?" என்றாள்.

"பரீட்சை முடியட்டும்மா" என்றேன்.

பரீட்சை முடிந்தது, அவளும் போய்விட்டாள். மரவள்ளிக் கழிவுநீரில் மாவுச்சத்து புளித்து நாறும் என்பதைப் பிற்பாடு நானே தேடிப் படித்தேன். அவள் கண்டுபிடித்திருக்க வேண்டியது!

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை பாட்டிலோடு வந்தால், தயவுசெய்து உட்காரச் சொல்லுங்கள்.