தழுவலுக்கு ஓர் அளவுகோல்



திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்தின் கற்கட்டடம் 1931-ல் எழுந்தது. ஊர்விட்டுப் பிழைக்கச் செல்லும் மகனைத் தாய் ஆரத் தழுவி வழியனுப்பும் காட்சி அங்குப் புதிதன்று. அந்த எளிய தழுவலைக் கணிப்பொறியால் அசையும் சித்திரமாக்குவதோ நெடுங்காலம் அரிய செயலாகவே இருந்தது.

காரணம் யாது? தோள், முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளின் கோணங்களைக் கொண்டே உருவங்களை இயக்கினர். ஒருவர் தனித்து நடக்க அது போதும். இருவர் நெருங்கினாலோ, தாயின் கை மகனின் முதுகைச் சுற்றாமல் மார்பை ஊடுருவிவிடும். எந்தக் கை எதனைச் சுற்றியது என்பதைக் கோணங்கள் சொல்வதில்லை.

விடை பழைய கணிதத்தில் இருந்தது. இரு மூடிய வளைகோடுகள் ஒன்றையொன்று எத்தனை முறை சுற்றிப் பிணைந்துள்ளன என்பதைத் தரும் தொகையீட்டை ஜெர்மானிய அறிஞர் காஸ் 1833-ல் எழுதிவைத்தார். 2009-ல் எட்மண்ட் ஹோ, டாக்கு கோமுரா என்னும் இருவர் அதனை மனித உறுப்புகளுக்குப் பொருத்தினர். முறுக்கு எவ்வளவு, அதன் மையம் எங்கே, எவ்வுறுப்பில் அது செறிந்துள்ளது என்னும் மூன்றே அளவுகள். அவற்றைச் சிறிது சிறிதாக மாற்றினால், மல்லர்களின் பிடி உடலை ஊடுருவாமல் இறுகும், அவ்வாறே தளரும்.

பின்னல் கோலாட்டத்தை நாம் அறிவோம். பின்னியவர்கள் வந்த வழியே திரும்பி ஆடினால்தான் கயிறு அவிழும். யார் எங்கே நிற்கிறார் என்பதைவிட, யார் யாரைச் சுற்றி வந்தார் என்பதே அங்கும் கணக்கு. பிற மாநிலங்களில் வாழும் அன்பர்கள் தம் பிள்ளைகளுக்கு அவ்வாட்டத்தைப் பழக்குவார்களாயின், கலையோடு இக்கணக்கும் அவர்கள் கையில் தங்கும்.