நியூ ஆர்லியன்ஸ் சிறையும் வாஷிங்டனின் கைவிரிப்பும்

வேற்று நாட்டில் வாழும் குடிமகன் ஒருவனுக்கு அங்குள்ள ஆட்சியால் தீங்கு நேருமானால், அத்தீங்கு அவனோடு நின்றுவிடாமல் அவனுடைய அரசையும் சேர்கிறது என்ற கருத்தை எமரிக் தெ வாட்டெல் என்னும் சட்ட அறிஞர் 1758-இல் வெளியான தம் நூலில் வகுத்துரைத்தார். தன் குடிமகனுக்காக ஓர் அரசு மற்றோர் அரசிடம் முறையிடுவதும், எதிர்ப்புக் குறிப்பு அனுப்புவதும், இழப்பீடு கேட்பதும் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்ற வழக்கங்களாயின. இவற்றைச் சர்வதேசச் சட்டம் ‘தூதரகப் பாதுகாப்பு’ என்ற பெயரால் குறிக்கிறது. முறையீட்டைப் பெறும் அரசு தவறிழைத்த காவலரையும் நீதிமன்றத்தையும் சிறையையும் தன் கையில் வைத்திருக்கிறது என்பது இவ்வழக்கத்தின் அடியில் கிடக்கும் ஊகம். வெளியுறவு ஓர் அரசிடமும் காவலும் நீதியும் வேறோர் அரசிடமும் பிரிந்து கிடக்கும் கூட்டாட்சி நாடுகளில் இந்த ஊகம் பொய்த்துப்போவதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு காட்டுவதைப்போல வேறு எந்நாட்டின் வரலாறும் காட்டவில்லை எனலாம்.

இச்சிக்கல் முதன்முதலில் பெரிதாக வெடித்தது பிரிட்டனோடு. கனடியக் கிளர்ச்சியாளர்களுக்குப் பொருள் ஏற்றிச் சென்ற கரோலின் என்னும் அமெரிக்க நீராவிக் கப்பலை 1837 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் நயாகரா ஆற்றில் எரித்தனர். அச்செயலில் பங்குகொண்டதாகக் குற்றஞ்சாட்டி, அலெக்சாண்டர் மக்லியோட் என்ற கனடியரை நியூயார்க் மாநில அதிகாரிகள் 1840 நவம்பரில் கைதுசெய்து அவர்மீது கொலை வழக்குத் தொடுத்தனர். அது அரசின் ஆணைப்படி நடந்த செயல் என்றும், அதற்குத் தனி மனிதரைத் தண்டிக்க முடியாது என்றும் லண்டன் வாதிட்டது. வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் அவ்வாதத்தை ஏற்றுக்கொண்ட பிறகும், நியூயார்க் நீதிமன்றத்திலிருந்து வழக்கைப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கு இல்லை என்று சொல்லவேண்டிய நிலையில் இருந்தார். 1841 அக்டோபரில் ஜூரிகள் மக்லியோடை விடுவித்ததால் போர் அபாயம் நீங்கியது. அடுத்த ஆண்டே, அயல்நாட்டு அரசின் ஆணைப்படி செயல்பட்டவர்களை மாநிலக் காவலிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வழங்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. எதிரே நிற்பது பிரிட்டிஷ் கடற்படையாக இருந்தால் அரசியலமைப்பு இடங்கொடுக்கும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அதன் பின் வந்த அரை நூற்றாண்டுக் கடிதங்களில் அமெரிக்க வெளியுறவுச் செயலர்கள் இச்சட்டத்தின் பாடத்தை எவ்வளவு எளிதாக மறந்தார்கள் என்பதே வியப்பு.

1851-இல் ஹவானாவில் அமெரிக்கப் படையெடுப்பாளர்கள் ஐம்பது பேர் ஸ்பானிய ஆட்சியால் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி எட்டியபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கும்பல் ஸ்பானியத் துணைத் தூதரகத்தையும் ஸ்பானியர்களின் கடைகளையும் சூறையாடியது. துணைத் தூதர் என்பவர் அயல்நாட்டு நகரொன்றில் இருந்துகொண்டு தம் நாட்டு வணிகர், மாலுமிகள், குடியேறியவர்கள் ஆகியோரின் நலன்களைக் கவனிக்கும் அரசு அலுவலர். அவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது அரசின் கடமை என்று ஒப்புக்கொண்ட வெப்ஸ்டர், கடைக்காரர்களைப் பொறுத்தவரை அவர்கள் தாமாக விரும்பி வந்து குடியேறியவர்கள் என்றும், அமெரிக்கக் குடிமகனுக்கு எந்த நீதிமன்றம் உண்டோ அதே நீதிமன்றம்தான் அவர்களுக்கும் உண்டு என்றும் பதிலளித்தார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம்தான் பிற்காலச் செயலர்கள் அனைவருக்கும் கைமுதலாயிற்று.

அதைச் சீனர்களுக்கு எதிராகப் பயன்படுத்துவதில் தயக்கமே இருக்கவில்லை. 1880 அக்டோபர் 31-ஆம் நாள் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் சீனர் குடியிருப்பு அழிக்கப்பட்டு ஒருவர் கொல்லப்பட்டபோது, ஒரு மாநிலத்தின் உள்விவகாரத்தில் தலையிட அதிகாரம் இல்லை என்று செயலர் வில்லியம் எவர்ட்ஸ் சீனத் தூதருக்கு எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1885 செப்டம்பர் 2-ஆம் நாள், வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளர்கள் 28 சீனர்களைக் கொன்று, அவர்கள் குடியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தனர். வயோமிங் அப்போது மாநிலமன்று. கூட்டாட்சி அரசே ஆளுநரை நியமித்து நடத்திய பிரதேசம். எனவே மாநில உரிமை என்ற திரை அங்கே இல்லை. இருந்தும் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று முதற்கண் ஆராயும் உள்ளூர்க் குடிமக்கள் குழு, ஒருவர்மீதும் குற்றம் சாட்டவில்லை. சீனாவில் அமெரிக்கர்களுக்கு ஏற்பட்ட இழப்புகளுக்காக 1858 ஒப்பந்தப்படி 5,00,000 தேல் வெள்ளி வழங்கச் சீன அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அதே அளவுகோல் இங்கும் வேண்டும் என்ற தொனியில் சீனத் தூதர் செங் சாவ்-ஜூ முறையிட்டார். 1886 பிப்ரவரியில் செயலர் தாமஸ் பேயர்ட் அனுப்பிய பதில், நடந்ததைக் கடுமையாகக் கண்டித்தாலும் சட்டப் பொறுப்பை மறுத்தது. பெருந்தன்மையின் பேரில் காங்கிரஸ் ஏதாவது வழங்கலாம் என்றது. 1887-இல் 1,47,748 டாலர் வழங்கப்பட்டது. உரிமையாகக் கேட்டது கருணைத் தொகையாகக் கிடைத்தது. பணம் கைமாறினாலும் பொறுப்பு கைமாறவில்லை.

அதே பேயர்ட், அதே 1886-ஆம் ஆண்டின் கோடையில், எதிர்த்திசையில் நின்று வாதாட நேர்ந்ததை இவ்வரலாற்றின் சுவையான பகுதி என்று சொல்லவேண்டும். டெக்சாஸ் நாளிதழில் வெளியான ஓர் அவதூறுக்காக, கட்டிங் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை மெக்சிகோவின் சிவாவா மாநில அதிகாரிகள் எல்லை நகரில் சிறையிலிட்டனர். அமெரிக்க மண்ணில் அச்சான எழுத்துக்கு மெக்சிகோவில் தண்டனையா என்று கேட்ட வாஷிங்டன் உடனடி விடுதலையைக் கோரியது. வழக்கு ஒரு மாநில நீதிமன்றத்தின் முன் இருப்பதால், விரைந்து நீதி வழங்குமாறு ஆளுநரைக் கேட்டுக்கொள்வதைத் தவிர மத்திய அரசால் இயன்றது வேறில்லை என்ற மெக்சிகோவின் விளக்கம், சீனத் தூதருக்கு அமெரிக்கா எழுதிய பதில்களின் நகலைப்போல இருந்தது. பேயர்டுக்கு அது நிறைவளிக்கவில்லை. புகார் செய்தவர் வழக்கைக் கைவிட்ட பின் சிவாவாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்டில் கட்டிங்கை விடுவித்தது.

இத்தனைக்கும் பிறகு நடந்த 1891-ஆம் ஆண்டு நிகழ்ச்சிதான் கூட்டாட்சி அரசின் வாதத்தை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றது. நியூ ஆர்லியன்ஸ் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹெனெசி 1890 அக்டோபர் 15-ஆம் நாள் இரவு சுடப்பட்டு மறுநாள் இறந்தார். நகரின் துறைமுகத்திலும் பழச் சந்தையிலும் வேலைசெய்த சிசிலியக் குடியேறிகள் பலர் பிடிக்கப்பட்டனர்; 19 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டு, முதலில் 9 பேர் விசாரிக்கப்பட்டனர். 1891 மார்ச் 13-ஆம் நாள் ஜூரிகள் அவர்களில் ஆறு பேரைக் குற்றமற்றவர்கள் என்றனர். மூவரைப் பற்றி ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. விடுதலை பெற்றவர்களும் அன்றிரவு சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தனர். ஜூரிகள் விலைக்கு வாங்கப்பட்டார்கள் என்ற பேச்சு நகரெங்கும் பரவ, மறுநாள் காலையில் ஹென்றி கிளே சிலையருகே கூடுமாறு நகரப் பிரமுகர்கள் நாளிதழ்களில் தம் பெயர்களோடு அழைப்பு வெளியிட்டனர். வழக்கறிஞர் ஒருவரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று சிறைக் கதவை உடைத்துப் பதினொருவரைக் கொன்றனர். கொல்லப்பட்டவர்களில் நீதிமன்றம் விடுவித்தவர்களும் இருந்தனர், இன்னும் விசாரணைக்கே வராதவர்களும் இருந்தனர்.

அன்று காலை இத்தாலியத் துணைத் தூதர் பஸ்குவாலே கோர்த்தே நகரில் அலைந்த கதை, உள்ளூர் அதிகாரம் எவ்வாறு கண்ணை மூடிக்கொள்ளும் என்பதற்கு நல்ல சான்று. படையினரை அனுப்புமாறு அவர் ஆளுநர் பிரான்சிஸ் நிக்கல்ஸிடம் வேண்ட, மேயர் கேட்டுக்கொண்டாலன்றித் தாம் படை அனுப்ப இயலாது என்று ஆளுநர் சொன்னார். மேயரோ அந்த நேரத்தில் எங்கும் அகப்படவில்லை. மாநிலம் நகரத்தையும் நகரம் வெற்றிடத்தையும் காட்டியதற்கும், சில நாட்களில் வாஷிங்டன் மாநிலத்தைக் காட்டப்போவதற்கும் அளவில்தான் வேறுபாடு.

இரு நாடுகளுக்கும் இடையே 1871-இல் செய்துகொள்ளப்பட்ட வணிக ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக் குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் மற்ற நாட்டில் இடையறாத பாதுகாப்பை உறுதிசெய்திருந்தது. இதைச் சுட்டிக்காட்டி, குற்றவாளிகள் நீதியின் முன் நிறுத்தப்படுவார்கள் என்ற உறுதியும், இழப்பீடு கடன்பட்டதே என்ற கொள்கை ஒப்புதலும் வேண்டும் என்று பிரதமர் ருதினியின் அரசு கோரியது. அத்தகைய உறுதியை அளிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று செயலர் ஜேம்ஸ் பிளெய்ன் மறுத்தார். மார்ச் 31-ஆம் நாள் இத்தாலி தன் தூதர் பாரன் ஃபாவாவைத் திரும்ப அழைத்தது. தூதரை அழைத்துக்கொள்வது உறவை முறிக்காமல் சினத்தைக் காட்டும் வழி. ஆயினும் நாளிதழ்கள் போர்ப் பேச்சை எழுப்பி இரு நாட்டுக் கப்பற்படைகளையும் ஒப்பிட்டு எழுதின. வெப்ஸ்டரின் 1851-ஆம் ஆண்டுப் பதிலைப் பிளெய்ன் தம் பதிலில் முன்னுதாரணமாக எடுத்துக்காட்டினார். மே மாதத்தில் நியூ ஆர்லியன்ஸ் கிராண்ட் ஜூரி, கும்பலில் எவர்மீதும் குற்றம் சாட்டாமல், நடந்ததை நகர மக்களின் செயல் என்ற தோரணையில் முடித்துவைத்தது.

கொல்லப்பட்டவர்களில் யார் யார் இத்தாலியக் குடிமக்கள் என்ற ஆராய்ச்சியில் இரு அரசுகளும் நெடுநாள் ஈடுபட்டன. சிலர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள். அவர்களுடைய சாவைப் பற்றிக் கேட்க ரோமுக்கு உரிமையில்லை, கேட்கவேண்டிய மாநிலமோ கேட்கவில்லை. அதே லூசியானாவில் அதே ஆண்டுகளில் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்காக எதிர்ப்புக் குறிப்பு அனுப்ப எந்தத் தூதரகமும் இருக்கவில்லை. வாட்டெலின் கோட்பாடு தீங்குற்ற மனிதனைக் காப்பதைவிட அவனுடைய அரசின் மானத்தைக் காப்பதையே முதன்மையாகக் கொண்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது.

1892 ஏப்ரலில் 1,25,000 பிராங்க், அதாவது ஏறக்குறைய 25,000 டாலர், காங்கிரஸின் தனி ஒப்புதலின்றித் தூதரகச் செலவு நிதியிலிருந்து இத்தாலிக்கு வழங்கப்பட்டு உறவு சீரடைந்தது. ஆனால் தொகையைவிடக் குறிப்பிடத்தக்கது, அதற்கு முந்தைய டிசம்பரில் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி. ஒப்பந்தத்தால் அயல்நாட்டவர் பெற்ற உரிமைகளை மீறும் குற்றங்களைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்குமாறு சட்டம் இயற்ற முடியும் என்று கூறிய அவர், அப்படிச் சட்டம் வராதவரை மாநிலக் காவலரையும் நீதிபதிகளையும், அயல்நாடுகளைப் பொறுத்தமட்டில், கூட்டாட்சியின் முகவர்களாகவே கருதிப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். உச்ச நீதிமன்றமும் கலிபோர்னியாவின் ஓர் ஊரிலிருந்து சீனர்கள் துரத்தப்பட்ட வழக்கில், அத்தகைய சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு, ஆனால் காங்கிரஸ் அதைச் செய்யவில்லை என்று 1887-இலேயே கூறியிருந்தது. ஆகவே தடையாக இருந்தது அரசியலமைப்பன்று, விருப்பமின்மை. தென்மாநில உறுப்பினர்கள், கும்பல் கொலையைக் கூட்டாட்சி விசாரணைக்கு உட்படுத்தும் எந்தக் கதவையும் திறக்க உடன்படவில்லை. 1896-இல் ஹான்வில்லிலும் 1899-இல் டலூலாவிலும் மேலும் இத்தாலியர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மீண்டும் குறிப்புகள், மீண்டும் கருணைத் தொகை.

1906-இல் சான் பிரான்சிஸ்கோ கல்வி வாரியம் ஜப்பானியக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்ப ஆணையிட்டபோது மட்டும் வாஷிங்டன் மாநில உரிமை பேசவில்லை. முந்தைய ஆண்டில்தான் ரஷ்யாவை வென்றிருந்த ஜப்பானின் எதிர்ப்பைக் கண்டு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வாரியத்தை வெளிப்படையாகச் சாடினார். நகர மேயரையும் வாரிய உறுப்பினர்களையும் தலைநகருக்கு அழைத்துப் பேசி ஆணையைத் திரும்பப் பெறச்செய்தார். அதற்கு விலையாக ஜப்பானியத் தொழிலாளர் குடியேற்றம் கட்டுப்படுத்தப்பட்டது.

மெக்சிகோவிடம் அமெரிக்கா விடாப்பிடியாக வைத்த கோரிக்கைகளோ வேறு கதை. 1880-இல் ஆங்காங்கேயோ என்னும் சுரங்க ஊரில் ஒரு கும்பலால் முற்றுகையிடப்பட்ட அமெரிக்கர்களைக் காக்குமாறு அவ்வூர் மேயர் அனுப்பிய படையினர், கும்பலோடு சேர்ந்துகொண்டு அவர்களையே சுட்டனர், மூவர் இறந்தனர். இரு நாடுகளும் நிறுவிய கோரிக்கை ஆணையம், அதாவது குடிமக்களின் இழப்பீட்டு வழக்குகளைத் தீர்க்கும் கூட்டுத் தீர்ப்பாயம், 1926-இல் மெக்சிகோவே பொறுப்பு என்று தீர்த்து 20,000 டாலர் வழங்கியது. உள்ளூர்ப் படையினரின் செயலுக்கு நாடே பொறுப்பு என்ற அமெரிக்க வாதம் அங்கே வென்றது. ஒரு நாட்டின் எந்த உறுப்பும், அது மாநிலத்தினுடையதாயினும் ஊராட்சியினுடையதாயினும், செய்வது அந்நாட்டின் செயலே என்ற விதியை ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் எழுத்தில் வடித்தபோது இத்தகைய தீர்ப்புகளே அதற்கு அடித்தளமாக இருந்தன.

இதற்கிடையில் எதிர்ப்புக் குறிப்பின் இடத்தை ஓரளவு ஒப்பந்த விதிகள் பிடித்துக்கொண்டன. துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, கைது செய்யப்படும் அயல்நாட்டவரிடம் அவருடைய துணைத் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை உண்டென்று தாமதமின்றிச் சொல்லவேண்டும் என்கிறது. அமெரிக்க ஊர்க் காவலர்கள் பலர் இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லப்படாமலே மரண தண்டனை பெற்ற இரு ஜெர்மானியச் சகோதரர்களில் ஒருவரின் தண்டனை 1999 பிப்ரவரியில் நிறைவேறியது. மற்றவரின் தண்டனையை நிறுத்திவைக்க முயலுமாறு ஆணையிட்ட ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், அரிசோனா ஆளுநரும் அமெரிக்காவின் ஒப்பந்தக் கடமைக்குக் கட்டுப்பட்டவரே என்று குறிப்பிட்டது. அன்றே, மார்ச் 3-ஆம் நாள், தண்டனை நிறைவேற்றப்பட்டது.

2004-இல் மெக்சிகோ தொடுத்த வழக்கில் 51 மெக்சிகர்களின் உரிமை மீறப்பட்டதாக அந்நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர்களுடைய வழக்குகளை மறுபரிசீலனை செய்யுமாறு கூறியது. அதை நிறைவேற்றுமாறு அதிபர் ஜார்ஜ் புஷ் மாநில நீதிமன்றங்களுக்கு ஆணையிட்டார், டெக்சாஸ் மறுத்தது. 2008 மார்ச்சில், அந்த மெக்சிகர்களுள் ஒருவர் தொடர்ந்த மெடெல்லின் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஹேக் தீர்ப்பு காங்கிரஸ் சட்டம் இயற்றாதவரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்றும், அதிபரின் ஆணையால் அக்குறையை நிரப்ப முடியாது என்றும் கூறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் டெக்சாஸ் மெடெல்லினின் மரண தண்டனையை நிறைவேற்றியது. நியூ ஆர்லியன்ஸ் மேயர் 1891-ஆம் ஆண்டுக் கொலைகளுக்காக 2019 ஏப்ரலில் இத்தாலிய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார். ஹேக் தீர்ப்பை மாநிலங்களின்மேல் செயல்படுத்த 2011-இல் செனட்டில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை.