எந்த கவுன்சிலிங்?

மக்களே, நம்ம ஊர்ல பிளஸ் டூ முடிச்ச ஒரு பையன்கிட்ட "கவுன்சிலிங் போனியா?"ன்னு கேட்டுப் பாருங்க. கட்-ஆஃப் மார்க்கைத்தான் சொல்லுவான். மனசு சரியில்லைன்னா ஒருத்தர்கிட்ட போய்ப் பேசறதுக்கும் அதே பேர்தான்னு அவனுக்குத் தோணவே தோணாது. நானும் புதுக்கோட்டையிலிருந்து அப்பாவோட ராத்திரி பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழக வாசல்ல ஃபைலும் கையுமா நின்ன ஆசாமிதான் :)

இந்த வார்த்தையைத் தோண்டப் போனப்ப ஒரு விஷயம் சிக்கிச்சு. அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர கவுன்சிலிங் நடத்த ஆரம்பிச்சது 1997-ல. மத்திய அரசோட மாவட்ட மனநலத் திட்டம், நாட்டிலேயே முதல்ல நாலே நாலு மாவட்டத்துல தொடங்கினது 1996-97-ல. அந்த நாலுல ஒண்ணு திருச்சி! ரெண்டு கவுன்சிலிங்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நம்ம பக்கம் வந்திருக்கு. ஒண்ணு டீக்கடை வரைக்கும் தெரியும். இன்னொண்ணு?

அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு? சென்னையில கிழக்கிந்திய கம்பெனி காலத்துல, 1794-ல ஒரு மனநோயாளர் விடுதி தொடங்கினாங்க. 1871-ல அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறுச்சு. புதுக்கோட்டை அப்ப தனி சமஸ்தானம். சென்னைக்கு கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துல இருந்த ஆஸ்பத்திரி எங்க ஊருக்கு வைத்தியமா வந்து சேரலை, வசவாத்தான் வந்து சேர்ந்துச்சு. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா"ன்னு சொல்லாத வகுப்பறை உண்டா? வசதி இல்லாதவங்களுக்கு திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில், 48 நாள் தங்கல். தெற்கே ஏர்வாடி தர்கா. அந்த ஏர்வாடியிலதான் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிப்போட்டிருந்தவங்க ஓட முடியாம செத்தாங்க. மொத்தம் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து கேஸ் எடுத்தது. அரசு நிஜமாவே அசைய ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்னு எனக்குத் தோணுது.

இதுல புதுக்கோட்டைக்காரனா எனக்கு ஒரு சின்ன வயித்தெரிச்சல். 1948-ல சமஸ்தானம் இணைஞ்சப்ப நாங்க திருச்சி மாவட்டத்துலதான் இருந்தோம். 1974 ஜனவரி 14, பொங்கலன்னைக்கு தனி மாவட்டம் ஆனோம். பிரியாம இருந்திருந்தா 1996-97-லயே முதல் நாலுக்குள்ள நாமளும் வந்திருப்போம்! தனிக்குடித்தனம் போனா பெரிய வீட்டு அடுப்பு கிடைக்காதுன்னு எங்க அப்பத்தா சொல்றது சரிதான் போல.

ஆனா எங்களுக்குன்னு ஒரு பஸ் வந்துச்சு. சும்மா பஸ் இல்லீங்க. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்கு 1961-லிருந்து 1978 வரை தலைமை வகிச்ச டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், 1984-ல சென்னையில 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அந்த ஸ்கார்ஃப் 2010-ல டாடா அறக்கட்டளை உதவியோட புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ் விட்டது. உள்ளே ஒரு சின்ன ரூம், டிவி, கேமரா. சென்னையில உக்காந்திருக்கிற டாக்டர் வீடியோவுல பேசுவார். மாத்திரை அதே பஸ்ல, இலவசமா. கொரோனா வந்தப்புறம் ஊரே ஜூம்ல உக்காந்துச்சே, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, எங்க கிராமத்து சிக்னல்ல! வீடியோ கால் மென்பொருளோட மல்லுக்கட்டியே சம்பளம் வாங்கற எனக்கு இதைப் படிச்சப்ப நிஜமாவே மரியாதை வந்துச்சு.

சரி, இதுல காலேஜ் பசங்க எங்கே? எங்கேயுமே இல்லை. அந்த பஸ் மனச்சிதைவு மாதிரி தீவிர நோய்க்காக வந்தது, அது நியாயமும்கூட. தவிர சொந்த ஊர் நடுத்தெருவுல எல்லாரும் பார்க்க எந்த இருபது வயசுப் பையன் அதுல ஏறுவான்?

அறந்தாங்கிப் பக்கத்து நண்பன் ஒருத்தன். திருச்சியில ஒரு பொறியியல் கல்லூரியில (பேர் வேண்டாம்) மூணாவது வருஷம். ஆறு அரியர், வாரக்கணக்கா தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. காலேஜ்ல 'மாணவர் ஆலோசனை மையம்'னு போர்டு உண்டு, கதவுல பூட்டும் உண்டு. தனியார் டாக்டர்கிட்ட ஒரு தடவை போனதுக்கே அவனோட ஒரு மாசக் கைச்செலவு காலி. அப்ப ஒரு சீனியர் சொன்னார், "டேய், ஜி.ஹெச்.ல மனநலப் பிரிவு இருக்குடா, ஓ.பி. சீட்டு போட்டுட்டு உக்காரு." போனான். டாக்டர் பேசினார், மாத்திரை கொடுத்தாங்க, மறுபடி வரச் சொன்னாங்க. செலவு டவுன் பஸ் டிக்கெட் மட்டும். இன்னைக்கு நல்லா இருக்கான். அந்த சீனியர் அன்னைக்கு மெஸ்ல உக்காராம போயிருந்தா? அதை நினைச்சா இப்பவும் வயிறு கலங்கும்.

இப்ப நிலைமை எவ்வளவோ தேவலாம். 2017-ல புதுக்கோட்டைக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. அதே வருஷம் நிறைவேறின மனநலச் சட்டம், அரசு செலவுல சிகிச்சை கேட்கிறதை உரிமையாவே ஆக்கிடுச்சு. தற்கொலைக்கு முயன்றவர்மேல கேஸ் போடற பழைய 309-வது பிரிவுக்குப் பயந்தே எத்தனையோ குடும்பம் ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லாது. இந்தச் சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்துச்சு. 2024 ஜூலையில புது தண்டனைச் சட்டம் வந்தப்ப அந்தப் பிரிவே போயிடுச்சு. 2022 அக்டோபர் 10-ல டெலிமானஸ் 14416 வந்தது. இலவசம், 24 மணி நேரம், தமிழ்லயே பேசலாம். அந்த பஸ்ஸோட வாரிசுன்னு சொல்லலாம், ஆனா இதுல ஏற யாரும் தெருவுல நிக்க வேண்டாம். மொட்டை மாடி போதும்.

இன்னொண்ணு, 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதுக்கு மேலயோ படிக்கிற கல்வி நிறுவனம் எல்லாம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருத்தரையாவது வெச்சிருக்கணும்னு சொல்லியிருக்கு. கோச்சிங் சென்டர், ஹாஸ்டல் உட்பட. அந்தப் போர்டும் பூட்டும் இப்ப எப்படி இருக்குன்னு அடுத்த தடவை திருச்சி போறப்ப எட்டிப் பார்க்கணும்.

உங்க காலேஜ்ல எப்படி? ரூம் திறந்திருந்துச்சா? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: ஹாஸ்டல்ல தம்பி தங்கச்சி இருந்தா ரெண்டு நம்பரை மட்டும் அனுப்பி வைங்க. டெலிமானஸ் 14416. சென்னை சிநேகா (1986-லிருந்து, காசு கிடையாது) 044-24640050. கட்-ஆஃப் கேக்க மாட்டாங்க :)