தேக்கா எந்தப் பெயர்வெளியில் இருக்கிறது?

1982இல் சிராங்கூன் சாலை முனையில் வந்த புதுச் சந்தைக் கட்டடத்துக்கு 'ஜூஜியாவ் நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். வேறெதுவும் இல்லை, நம்ம தேக்காதான். ஹொக்கியனில் 'தெக் கியா கா' என்றால் சின்ன மூங்கில்களின் அடிவாரம். அதுதான் தமிழ் வாயில் தேக்கா ஆனது. அந்தப் பெயரின் சீன எழுத்துகளை மாண்டரினில் வாசித்து, பின்யின் முறையில் ரோமன் எழுத்தில் எழுதினால் ஜூஜியாவ் வரும். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் ஹொக்கியன் பேசியவர்களுக்கே அது அந்நியமாக இருந்தது. நம்மாட்களுக்குக் கேட்கவே வேண்டாம். 2000இல் தேக்கா நிலையம் என்று மாற்றினார்கள்.

ஒரு பெயரின் பொருளை எங்கே தேடுவது? அது பிறந்த இடத்திலா, போய்ச் சேர்ந்த இடத்திலா? லிஸ்ப் என்ற கணினி மொழிக் குடும்பம் இந்தக் கேள்வியோடு பல காலம் மல்லுக்கட்டியது.

லிஸ்ப்பை 1958இல் எம்ஐடியில் தொடங்கியவர் ஜான் மெக்கார்த்தி. 1963இல் திமோதி ஹார்ட் அதில் மேக்ரோவைச் சேர்க்க முன்மொழிந்தார். மேக்ரோ ஒரு சுருக்கெழுத்து மாதிரி. நாம் ஒரு வரி எழுதினால், நிரல் ஓடுவதற்கு முன்பே, தொகுக்கும்போதே அது பல வரிகளாக விரிந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதுல என்ன சிக்கல்? இரண்டு மாறிகளின் மதிப்பை இடம் மாற்ற ஒரு மேக்ரோ எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மதிப்பைக் கொஞ்ச நேரம் வைத்திருக்க அதற்குள் 'தற்காலிகம்' என்று ஒரு மாறி வேண்டும. நீங்கள் அந்த மேக்ரோவை உங்கள் நிரலில் பயன்படுத்துகிறீர்கள். உங்களிடமும் 'தற்காலிகம்' என்று ஒரு மாறி இருக்கிறது. அதைக் கொடுத்து இடம் மாற்றச் சொன்னால், விரிந்த வரிகளில் இரண்டு பெயரும் ஒன்றாகிவிடும். எதுவும் இடம் மாறாது. பிழைச்செய்தியும் வராது. அமைதியாகத் தப்பாக ஓடும்.

இதற்கு ஒரு பாதி மருந்து பெயர்வெளி. 1984இல் புத்தகமாக வரையறுக்கப்பட்ட காமன் லிஸ்ப்பில் ஒவ்வொரு பெயரும் ஒரு தொகுதிக்குச் சொந்தம். என் தொகுதியின் 'தற்காலிகம்' வேறு, உங்களுடையது வேறு. ஆனால் இருவரும் ஒரே தொகுதிக்குள் எழுதினால் பழைய கதைதான். அதனால் வேறு எங்கும் இல்லாத புதுப்பெயர் ஒன்றை இயந்திரத்தையே உருவாக்கச் சொல்வது வழக்கமானது. மறக்காமல் அதைச் செய்வது எழுதுபவர் பொறுப்பு.

1986இல் கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெலைசன், டூபா நால்வரும் அந்தப் பொறுப்பை இயந்திரத்திடமே கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை விரியும்போதும், மேக்ரோ கொண்டுவந்த பெயர்களில் ஒரு முத்திரை விழும். வந்தவர் யார், அங்கேயே இருந்தவர் யார் என்று குழப்பம் வராது. ஹார்ட்டிலிருந்து எண்ணினால் 23 ஆண்டுகள். ஸ்கீம் மொழி இந்த வழியில் போனது. 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட க்ளோஜர் இன்னொரு வழி பிடித்தது: மேக்ரோவின் வார்ப்பில் எழுதும் பெயரோடு அதன் பெயர்வெளியும் தானாக ஒட்டிக்கொள்ளும். தந்தை பெயரோடு சேர்த்து அழைப்பது போல.

இரண்டு வழியிலும் அடிப்படை ஒன்றுதான்: பெயர் எங்கே விரிந்தாலும், எழுதப்பட்ட இடத்தின் நினைவு அதோடு போக வேண்டும்.

தேக்காவுக்கு அந்த நினைவை மக்கள் வைத்திருந்தார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் தேக்காவுக்குப் போறேன் என்றே சொன்னார்கள். 18 ஆண்டுகளில் பலகை வழிக்கு வந்தது. எல்லாப் பெயருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ரப்பர், அன்னாசித் தோட்டங்கள் வைத்திருந்த லிம் நீ சூன் பெயரால் அமைந்த வட்டாரம், அதே பின்யின் விதியில் ஈசூன் ஆனது. குழுத்தொகுதியின் பெயரில் நீ சூன் இன்னும் மிச்சம் இருக்கிறார். ஈசூன் எம்ஆர்டியில் இறங்கும் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்?