சுப்பராவும் புற்றுநோய் மருந்துச் சோதனையும்

மருத்துவ வரலாற்றில் வெற்றிகள் நிலைபெறுகின்றன. அவற்றிற்கு வழியமைத்த தோல்விகளோ விரைவில் மறக்கப்படுகின்றன. முற்றிய புற்றுநோய்க்கு மருந்து தேடிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்த எல்லாப்பிரகட சுப்பராவ், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்கிக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்பர். பின்னர் அமெரிக்கா சென்று ஹாவாட் சர்வகலாசாலையில் ஆராய்ந்த அவர், 1940இல் லெடர்லி ஆய்வுகூடத்தை அடைந்தார். அங்கே அவர்தம் குழுவினர், இரத்த உற்பத்திக்கு இன்றியமையாத போலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர்.

போலிக் அமிலச் சேர்மங்களைப் பொஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பரும் அவர்தம் துணைவரும் புற்றுநோயாளர் 90 பேருக்கு அளித்துச் சோதித்து, 1947இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஆனால், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளில் நோய் தணியாது விரைந்து பெருகியதைப் பார்பர் கண்டார். அத்தோல்வியிலிருந்தே அவர் ஒரு வினாவை எழுப்பினார்: போலிக் அமிலம் நோய்க்கலங்களை வளர்க்குமாயின், அதனைத் தடுத்தல் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்காதோ?

சுப்பராவின் குழுவினர் ஆக்கிய அமினொப்தெரின் இவ்வினாவிற்கு விடையளித்தது. போலிக் அமிலத்தை ஒத்த வடிவுடைய அம்மருந்து, அவ்வமிலத்தைப் பயன்படுத்தும் நொதியத்தைப் பற்றிச் செயலறச் செய்யும், கலங்கள் பெருகமாட்டா. 16 குழந்தைகளுக்கு அதனை அளித்தபோது 10 பேரில் முன்னேற்றம் தோன்றிற்று. 1948 யூன் மாதத்து அறிக்கை, அது தற்காலிகமானதே என்பதையும் மருந்தின் நச்சுத்தன்மையையும் மறையாது கூறிற்று. அவ்வாண்டு ஓகத்து மாதத்திலே சுப்பராவ் காலமானார். அமினொப்தெரினின் உறவுமருந்தாகிய மெதொற்றெக்சேற், உடலெங்கும் பரவிய ஒருவகைப் புற்றையும் முற்றாக நீக்கவல்லதென்பது 1956இல் புலனாயிற்று. இன்று அது உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெறுகின்றது.

மருந்துச் சோதனையில் முதலில் இடர் ஏற்பவர் நோயாளரே. எனவே, அவர் விளங்கி விரும்பி அளிக்கும் சம்மதம் இன்றியமையாததென 1947இல் நூரம்பேர்க் நெறிகள் வகுத்தன. 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் மருத்துவ ஆய்வாளர்க்கு நெறி வகுத்தது. இறுதி நிலையிலுள்ளோர் எம்மருந்தையும் நம்பத் துணிவர். அந்நம்பிக்கையைச் சம்மதமெனக் கொள்ளுதல் தகாது. சோதனை தமக்குப் பயன் தராமலும் போகலாமென அறிந்து இசைவோரின் ஈகையே பின்வருவோரின் வாழ்வாகின்றது. அவர்க்கு உண்மை உரைத்தல் அறிவியலின் முதற் கடனாம்.