விரல் நுனியும் சத்திரசிகிச்சை வரலாறும்

1792 ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுக்கு எதிராக நடைபெற்ற போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டின் பின்னர், பூனாவுக்கு அண்மையில் செங்கல் செய்வோர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கொன்றை அமைத்துக் கொடுத்தார். 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையான 'ஜென்ரில்மன்ஸ் மகசீன்' இச்செய்தியை வெளியிட்டது. நோயாளியின் பெயர் அதிலே உண்டு. சிகிச்சை செய்தவரின் பெயர் இல்லை. அம்மூக்கைப் பற்றிப் பின்வந்தோர் மிகுதியாக எழுதினர். வெட்டுண்ட கையைப் பற்றி எழுதியோர் அரியர். வண்டியோட்டிப் பிழைத்த ஒருவருக்கு எவ்விழப்புப் பெரிது என்ற வினா அன்று எழுந்ததாகத் தெரியவில்லை. கையின், அதிலும் விரல் நுனியின், சீரமைப்பு வரலாறு அதனாற்றான் மிகப் பிந்தித் தொடங்குகிறது எனலாம்.

பூனாவில் நிகழ்ந்தது யாது? மெழுகுத் தகடொன்றை மூக்கின் அடியிற் பொருத்தி, பின் அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அதன் அளவுக்குக் கோடு வரைந்தனர். அக்கோட்டின் வழியே தோலை உரித்தனர். ஆயினும் இரு கண்களுக்கும் இடையே சிறு இணைப்பை அறுக்காது விட்டனர். அவ்விணைப்பின் வழியே குருதி ஓடியமையாலேயே திருப்பி வைத்த தோல் உயிருடன் இருந்தது. இச்செய்தியைக் கற்ற யோசப் காப்பியூ 1814 இல் இலண்டனில் இதனைச் செய்து, 1816 இல் நூலாக வெளியிட்டார்.

விரல் நுனிக் கட்டியின் கதை வேறொரு திசையிலிருந்து வருகிறது. 1812 இல் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் வுட், தோலின் கீழ்த் தோன்றும், கடும் வலி தரும் சிறு முடிச்சுகளை விபரித்தார். 1924 இல் பியர் மாசோன் என்னும் பிரெஞ்சு நோயியலாளர் இவற்றுள் ஒருவகையின் பிறப்பிடத்தைக் கண்டறிந்தார். உடல் வெப்பத்தைச் சீராக்கத் தோலில் அமைந்துள்ள நுண்ணிய குருதிக்குழாய்த் தொகுதியான 'குளோமசு' என்பதே அது. இக்கட்டி பெரும்பாலும் புற்றுநோயன்று. சில மில்லிமீற்றர் அளவினது. நகத்தின் அடியில் ஒளிந்திருப்பது. குளிர்நீர் பட்டாலே நோயாளி துடிப்பார். அதனை முற்றாக அகற்றினால் வலி நீங்கும். மிச்சம் வைத்தால் திரும்பும். நகத்தை உயர்த்தி, நகப்படுக்கையைக் கீறிக் கட்டியை எடுத்தபின் அப்படுக்கையை நுண்ணிய தையலாற் பொருத்துவர்.

விரற் சதையும் சேர்த்து இழக்கப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. 1935 இல் இத்தாலியரான திராங்குவில்லி-லெயாலி, விரலின் உட்புறச் சதையை ஆங்கில 'வி' எழுத்தின் வடிவிற் கீறி, முன்னோக்கி நகர்த்தி, 'வை' வடிவில் தைக்கும் முறையை வெளியிட்டார். 1947 இல் குட்லர் அதனை விரலின் இரு பக்கங்களிலிருந்தும் செய்தார். 1970 இல் அத்தாசோயும் உடனுழைத்தோரும் உட்புற முறையைப் பரவச் செய்தனர். தோலின் கீழுள்ள திசுவை அறுக்காது விடுவதே இதன் உயிர்நாடி. பூனாவின் தத்துவமும் அதுவே.

ஒத்த தத்துவத்தைக் கண்டவுடன் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனத் துணிவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. சுசுருதரின் நூல் கூறுவது கன்னத் தோலை; பூனாவிற் பயன்பட்டதோ நெற்றித் தோல். நம்மவர் பெருமை பேசும்போது இவ்வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகின்றனர். இத்தாலியரான தாலியாக்கொற்சி 1597 இல் வெளியிட்ட நூலோ புயத்துத் தோலால் மூக்கமைப்பதைக் கூறுகிறது. 1950 அளவில், அயல்விரலின் தோலை இரண்டு மூன்று வாரங்கள் இணைத்து வைத்துப் பின் அறுக்கும் முறை வந்தபோது, அது அவரது முறையையே நினைவூட்டியது.

மூக்குக்குத் தோற்றம் போதும். விரலுக்கு அது போதாது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்த இரு முனைகளையும் வேறுவேறாக உணர்வது விரல் நுனி. 1958 இல் சுவீடனைச் சேர்ந்த எரிக் மோபெர்க் கையின் உணர்வை மதிப்பிடும் முறைகளை வெளியிட்டபின், இழந்த சதையை நிரப்புவதோடு உணர்வை மீட்பதும் சிகிச்சையின் அளவுகோலாகியது. அயல்விரற் தோல் பொருந்தினாலும், உணர்வு அதிற் குறைவாகவே திரும்புகிறது. நகர்த்திய சொந்தச் சதையோ தன் நரம்பையும் உடன்கொண்டு வருகிறது.

இத்தனை நுட்பங்களும் திரண்டபின், 1974 இல் செபீல்ட் நகரைச் சேர்ந்த சிந்தியா இலிங்வேர்த் ஒரு கட்டுரை வெளியிட்டார். நுனி துண்டிக்கப்பட்ட சிறுவரின் விரல்களைத் தைக்காது, மருந்துத் துணியால் மூடி விட்டபோது, சதையும் நகமும் தாமே வளர்ந்தன என்பதே அதன் செய்தி.