பந்தும் பந்தமும்

பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து இளவாலைப் பக்கமோ மாதகல் பக்கமோ சைக்கிளை மிதித்தால், மாலை வேளையில் எங்கேயாவது ஒரு வெளியில் பந்து உருளும் ஓசை காதில் விழும். உதைபந்தாட்டம் இந்தப் பகுதியில் வெறும் விளையாட்டல்ல. கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடியாக ஊரைக் கூட்டுவதும் ஊரைப் பிரிப்பதும் அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிக் கழகமொன்றின் பொதுக்கூட்டத்தில் ஓரமாக இருந்து கேட்ட உரையாடல் இன்னும் நினைவில் நிற்கிறது. நன்றாக ஆடக்கூடிய ஒரு பெடியனை இறுதியாட்டத்தில் வெளியில் இருத்திவிட்டார்கள். அணியும் தோற்றுவிட்டது. முதியவர் ஒருவர் எழுந்தார்.

“தலைவரிட்டைத்தான் கேக்கிறன். உந்தப் பெடியனை ஏன் வெளியிலை விட்டனீங்கள்?”

“அப்பு, நீங்கள் அங்கத்தவரோ? சந்தா கட்டினனீங்களோ?”

“சந்தா கட்டேல்லைத்தான். கோல் கம்பத்துக்கு மரம் ஆற்றை வளவிலை தறிச்சவங்கள் எண்டும் ஒருக்கால் கேட்டுச் சொல்லு தம்பி.”

கூட்டம் சிரித்தது. ஆனால் முதியவர் கேட்டது சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியல்ல. ஒரு கழகம் யாருடையது? பதிவேட்டில் பெயருள்ளவனுடையதா, பணம் போட்டவனுடையதா, வெயிலிலும் மழையிலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியவனுடையதா? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு கல்கத்தாவில் இருக்கிறது, நேயர்களே.

1920 ஜூலை 28. கல்கத்தாவின் ஜோராபகான் கழகத்துக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். மோகன் பகான் அப்போதே புகழின் உச்சியில் இருந்தது. 1911 இல் ஆங்கிலேயப் படையணியான கிழக்கு யோர்க்ஷயரை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கழகமல்லவா? அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். ஜோராபகான் அணியிலிருந்து அன்று சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் நீக்கப்பட்டிருந்தார். அவர் கிழக்கு வங்கத்தவர். கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரியும் கிழக்கு வங்கத்தவரே. அவர் காரணம் கேட்டார். திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கழகத்தை விட்டு வெளியேறியவர், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஓகஸ்ட் முதலாந் திகதி புதிய கழகமொன்றைத் தொடங்கினார். பெயர்: ஈஸ்ட் பெங்கால், அதாவது கிழக்கு வங்கம்.

நாலே நாளில் ஒரு கழகம்! நம்மூரிலும் ஒரு கழகம் இரண்டாவதற்கு இதைவிட அதிக நாள் எடுப்பதில்லை. ஆனால் அந்தப் பிளவு நூறாண்டு தாங்கியது.

புதிய கழகத்துக்கு வழி இலகுவாக இருக்கவில்லை. கல்கத்தா லீக்கின் முதலாம் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மட்டுமே இடம் என்பது அன்றைய விதி. தகுதி பெற்றும் ஈஸ்ட் பெங்கால் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. விதியை மாற்ற ஆங்கிலேயக் கழகங்கள் இணங்கின. எதிர்த்தவை உள்ளே இருந்த இந்தியக் கழகங்கள் இரண்டுமே! மனிதர் எங்கும் ஒரே மாதிரித்தான். 1925 இல் ஒருவாறு கதவு திறந்தது. மூன்றாண்டில் அணி மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

1930 வந்தது. காந்தியின் சட்டமறுப்பு இயக்கம் நாடெங்கும் பரவ, இந்தியக் கழகங்கள் பல லீக்கைப் பகிஷ்கரித்தன. போட்டிகள் இடையில் குழம்பின. முதலாம் பிரிவில் வெற்றியாளர் அறிவிக்கப்பட்டார். இரண்டாம் பிரிவில் மேலேறும் நிலையிலிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கோ உயர்வு மறுக்கப்பட்டது. இரசிகர்களால் தாங்க முடியவில்லை. நூற்றுக்கணக்கானோர் தீப்பந்தங்களை ஏந்தி, கண்டனக் குரல் எழுப்பியபடி, கழக மைதானத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தனர். அன்று அவர்கள் கையில் எரிந்த பந்தமே பின்னர் கழகத்தின் சின்னமாயிற்று. இன்றும் சிவப்பும் பொன்னிறமுமான அந்தச் சீருடையின் நெஞ்சில் எரிவது அந்தப் பந்தம்தான்.

1947 இல் வங்கம் பிளந்தது. எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கானோருக்கு வீடில்லை, வளவில்லை, ஆறில்லை. மேற்கு வங்கத்தவர் அவர்களைப் ‘பாங்கால்’ என்று இளக்காரமாக அழைத்தனர். இழந்த நாட்டின் பெயரைச் சனிக்கிழமை பின்னேரத்தில் வாய்விட்டுக் கத்துவதற்கு அவர்களுக்கு மிஞ்சிய இடம் ஒரு மைதானம். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிசா மீன் விலையேறும், மோகன் பகான் வென்றால் இறால் விலையேறும் என்று கல்கத்தாவில் சொல்வார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ப் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு பந்தடிப்பவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர் பணம் வந்தது. 1998 இல் மதுபானக் கம்பனியொன்றின் பெயர்கள் இரண்டு பெருங்கழகங்களின் பெயருக்கும் முன்னால் ஒட்டப்பட்டன. 2020 ஜனவரியில் மோகன் பகானின் உதைபந்தாட்டப் பிரிவில் எண்பது வீதம் ஒரு வர்த்தக நிறுவனத்துக்குப் போக, பழைய பெயரின் முன்னால் ‘ஏ.ரி.கே.’ என்ற மூன்றெழுத்து ஏறியது. அது முன்னாள் எதிரணியொன்றின் பெயர். இரசிகர்கள் மூன்றாண்டுகள் விடாது எதிர்த்தனர். கிண்ணம் வென்ற 2023 மார்ச் 18 இரவு அந்த எழுத்துகளை நீக்குவதாக உரிமையாளர் அறிவித்தார்.

ஈஸ்ட் பெங்காலின் கதை இத்தனை நேர்த்தியாக முடியவில்லை. 2020 செப்டெம்பரில் ஸ்ரீ சிமெண்ட் கம்பனி முதலீட்டாளராக வந்தது. பூர்வாங்க உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இறுதி உடன்படிக்கையில் ஒப்பமிடக் கழக நிர்வாகிகள் மறுத்தனர். அங்கத்தவர்களின் உரிமைகள் பறிபோய்விடும் என்பது அவர்கள் வாதம். மாதங்கள் ஓடின. அடுத்த பருவத்துக்கு அணியே இராதோ என்ற அச்சம் பரவியது. 2021 ஜூலை 21 அன்று இரசிகர்கள் கழகக் கூடாரத்தின் முன் திரண்டனர். கல்கத்தா மைதானத்துக் கழகங்களின் தலைமையகத்தைக் கூடாரம் என்றே அழைப்பது வழக்கம். நிர்வாகிகளே, ஒப்பமிடுங்கள் அல்லது விலகுங்கள் என்றது ஒரு சாரார். கழகத்தை விற்க விடோம் என்று நிர்வாகத்துக்காக நின்றது மறு சாரார். இரு பகுதியாரும் அணிந்திருந்தது அதே சிவப்பும் பொன்னும். கைகலப்பு மூண்டது. பொலிஸார் தடியடிப் பிரயோகம் செய்தனர். 1930 இல் வெளியாருக்கு எதிராக எரிந்த பந்தம், தொண்ணூற்றொரு வருடங்களின் பின் சொந்த வாசலைச் சுட்டது.

யார் பக்கம் நியாயம்? இரு பக்கத்திலும் கொஞ்சம் இருந்தது என்பதே என் எண்ணம். பணமில்லாமல் அணியில்லை என்றவன் பொய் சொல்லவில்லை. பணக்காரன் போகும்போது பெயரையும் கொண்டுபோய்விடுவான் என்றவனும் வீணாகப் பயப்படவில்லை. முதலமைச்சர் தலையிட்டு அந்தப் பருவம் காப்பாற்றப்பட்டது. 2022 இல் சிமெண்ட் கம்பனி விலகிப் போனது, கழகம் இருந்தது.

இங்கிலாந்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள். விம்பிள்டன் கழகத்தை மில்ரன் கீன்ஸ் என்ற தூர நகருக்கு மாற்ற 2002 மே மாதத்தில் அனுமதி கிடைத்ததும், இரசிகர்கள் தாங்களே புதிய கழகமொன்றைத் தொடங்கி அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி வந்தனர். மன்செஸ்ரர் யுனைற்றெட்டை 2005 இல் கிளேசர் குடும்பம் வாங்கியபோதும் ஒரு பகுதியினர் அவ்வாறே பிரிந்தனர். தங்கிவிட்டவர்கள் 2010 இல் பச்சையும் பொன்னுமான சால்வைகளை அணிந்து வந்தார்கள். 1878 இல் புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய பழைய நியூற்றன் ஹீத் கழகத்தின் நிறங்கள் அவை.

நம் நாட்டில்? 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது, வெளித்தலையீடு காரணம். ஓகஸ்ட் வரை நாட்டின் அணிக்கு சர்வதேச ஆட்டமில்லை. இரசிகனுக்கு முன்னால் போய் நின்று கேட்க ஒரு கூடாரமும் இருக்கவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன பொதுக்கூட்டத்தில் தலைவர் கடைசிவரை காரணம் சொல்லவில்லை. முதியவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்க முன்னரே, வழமையான வேலியோரத்தில், தன் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றார். சந்தா கட்டினாரோ இல்லையோ, அந்தப் பெடியன் அன்று ஆடினான்.